புறநகர் மொட்டை மாடியிலிருந்து நெபுலா, கேலக்ஸி படம் எடுத்தவர்கள் சொல்லுங்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு இரவு

மேடவாக்கம் மாடி:
ஜனவரி, ரோசெட் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்). 135 மி.மீ. லென்ஸ், வானம் நகர்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர், சிவப்பைத் தடுக்கும் உள் ஃபில்டரை மாற்றிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, நெபுலா ஒளிரும் இரண்டு அலைநீளப் பட்டைகளை மட்டும் விடும் டூயல்பேண்ட் ஃபில்டர். எதிர் அடுக்குமாடியின் வெள்ளை எல்இடி எங்கள் தண்ணீர்த் தொட்டி வரை அடிக்கும். தனி ஃபிரேமில் நடுவிலுள்ள நட்சத்திரக் கூட்டம் மட்டும் தெரிந்தது, மிச்சமெல்லாம் சாம்பல். பல ஃபிரேம்களை ஒன்றாகச் சேர்த்து (ஸ்டாக்), மங்கலானதைப் பிரகாசமாக்கும்போது (ஸ்ட்ரெச்) அம்மா பக்கத்தில் இருந்தார். சிவப்பு வளையம் திரையில் எழுந்ததும், "இது நம்ம மாடிக்கு மேலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். திருவாதிரைக்குக் கிழக்கே நான் கை காட்டிய இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து, "அங்க ஒண்ணுமே இல்லையேப்பா. கலர் நீ போட்டதா?" இல்லை என்றேன், நம்பவில்லை. முழு நிலாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அகலமான ஒன்று தலைக்கு மேல் இருக்கிறது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஜவ்வாது மலைக்குக் கூட்டிப் போ என்று சொல்லாதீர்கள், அங்கேயும் வெறும் கண்ணுக்கு அந்தச் சிவப்பு தெரியாது.

வடவள்ளி வானம்:
நிறம் நீங்கள் போட்டதில்லை, அதில் சந்தேகமே வேண்டாம். நடுவிலுள்ள சூடான இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கிறது. அது திரும்பச் சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது வருவதுதான் 656.3 நானோமீட்டர் சிவப்பு. அவ்வளவு மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் டூயல்பேண்ட் வாங்க ஓட வேண்டாம். எனக்கு ஆண்ட்ரோமீடா என்ற கேலக்ஸிதான் (கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்) பித்து. கேலக்ஸியின் ஒளி நட்சத்திர ஒளி, எல்லா அலைநீளத்திலும் வரும், அந்த ஃபில்டர் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடும். ஃபில்டர் இல்லாமல், மழை விட்ட ஒரு நவம்பர் இரவில் எடுத்தேன். படத்தில் ஒரு பக்கம் கூடுதலாகப் படியும் ஊர் வெளிச்சத்தை (சாய்வு வெளிச்சம்) சிரில் மென்பொருளில் நீக்கியதும் மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த தூசிக் கோடு வந்தது. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருப்பதன் தூசி, ரிங் ரோடு விளக்குகளைத் தாண்டி வந்திருக்கிறது! அந்தக் கோட்டை இப்போதும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பழைய ஒளி மாசு ஃபில்டர்கள் சோடியம் விளக்குக்குச் செய்தவை. அந்த விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் 589 நானோமீட்டர் பக்கம் குவியும், வெட்டுவது சுலபம். வெள்ளை எல்இடி நிறமாலை முழுக்கப் பரவும், அதனால் அந்த ஃபில்டர்கள் இப்போது வீண் செலவு. அந்தக் காசைச் செலவழிப்பதற்குப் பதில் அதிக நேரம் படம் எடுங்கள். வானம் ஒரு மேக்னிட்யூட் (வெளிச்ச அளவுகோலில் ஒரு படி) கூடுதல் வெளிச்சமாக இருந்தால், அதே தெளிவுக்கு மொத்தம் சுமார் இரண்டரை மடங்கு எக்ஸ்போஷர் நேரம் வேண்டும். எடுக்கும் பொருள் உச்சிக்கு வரும் வரை காத்திருங்கள். ஃபிளாட் (லென்ஸின் மூலை இருட்டைச் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம்) எடுக்காமல் தூங்கப் போகாதீர்கள், அது இல்லாமல் சாய்வு நீக்கினால் மூலைகள் கெட்டுவிடும். டிராக்கரைத் துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் சரியாகத் திருப்பி வைப்போம். அது எங்கள் கோவையில் 11 டிகிரி உயரம்தான், எதிர் வீடு மறைத்தால் டிரிஃப்ட் முறையில் (மற்ற நட்சத்திரங்கள் விலகுவதைப் பார்த்து) அலைன் செய்யுங்கள்.

திருநகர் மதுரை:
நேரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மே மாதம், நள்ளிரவு தாண்டி லகூன் நெபுலா எடுத்துக்கொண்டிருந்தேன். ஏரியா முழுக்க கரண்ட் போனது. டிராக்கர் பேட்டரியில் ஓடியதால் நிற்கவில்லை. அடுத்த ஃபிரேமில் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மேடு பாதிக்கு மேல் இடது பக்கம், அதாவது இருட்டுப் பக்கம், நகர்ந்திருந்தது. ஒற்றை ஃபிரேமிலேயே நடுவிலுள்ள இருண்ட வாய்க்கால் தெரிந்தது! அத்தனை நாளும் நான் எடுத்ததில் பாதி தெருவிளக்குதான் என்று அப்போது உறைத்தது. கரண்ட் வந்ததும் தெருவே சந்தோஷப்பட்டது, எனக்கு அழுகை வந்தது. விளக்குக்கு மேல்மூடி போட்டுக் கீழே மட்டும் வெளிச்சம் விழச் செய்தால் வெளிச்சமும் வீணாகாது, வானமும் கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஃபில்டர் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேடவாக்கம் நண்பரே, அம்மாவுக்கு ரோசெட்டை விடுங்கள். ஓரியன் நெபுலாவைச் சாதாரண பைனாகுலரில் காட்டுங்கள், மாடியிலிருந்தே சின்னப் புகை மாதிரி தெரியும். உடனே அதே இடத்தை எடுத்த படத்தைக் காட்டுங்கள். தன் கண்ணால் பார்த்த புகைதான் படத்தில் விரிகிறது என்று தெரிந்தால் நம்புவார். மார்ச்சுக்குள் செய்துவிடுங்கள், ஏப்ரலில் இருட்டும்போதே அது மேற்கே இறங்க ஆரம்பித்துவிடும்.