மேயருக்குத் தமிழ்: ‘மாநகரத் தந்தை’ வேண்டாம், ‘தவிசாளர்’ வைப்போம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். உள்ளாட்சிப் பதவிப் பெயர்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச்சொல் பட்டியலில் ‘மேயர்’ பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘மாநகரத் தந்தை’ நல்ல தமிழ், ஏற்கெனவே புழங்குகிறது. அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. 1956-லேயே தாரா செரியன் சென்னையின் மேயராகிவிட்டார். 2022-ல் பிரியா ராஜன் வந்தார். இவர்களைத் ‘தந்தை’ என்று எப்படி எழுதுவது? பெண் வந்தால் ‘மாநகரத் தாய்’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்றால், சட்டத்தில் எந்தச் சொல்லை அச்சிடுவது? பதவிப் பெயர் நாற்காலிக்கு உரியது, அதில் உட்காருகிற ஆளுக்கு அல்ல. தவிர, வாக்குப் போட்டவர்களைப் பிள்ளைகளாக்கும் சொல் மக்களாட்சிக்கு ஒட்டவில்லை.

> அப்படியானால் இலங்கையில் சொல்வதுபோல ‘மாநகர முதல்வர்’?

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அது நன்றாகவே நிற்கிறது. அங்கே மாகாணத்துக்கு ‘முதலமைச்சர்’ என்று தனிச்சொல் இருக்கிறது. இங்கே ‘முதல்வர் ஆய்வு’ என்று செய்தி வந்தால் கோட்டையில் இருப்பவரைத்தான் நினைப்போம். கல்லூரிக்கும் ஒரு முதல்வர் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சொல் மேயரிடம் இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள், அதாவது மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள். மேயர் நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. வழக்கு விசாரிப்பதும் அவர்கள் வேலை. 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் ‘பிரசிடெண்ட்’. பிட்டி தியாகராயர் அந்தப் பெயரில்தான் இருந்தார். நிர்வாகம் ஆணையரிடம் இருந்தது. 1933-ல் ‘பிரசிடெண்ட்’ மறுபடி ‘மேயர்’ ஆனது. ராஜா சர் முத்தையா செட்டியார் அப்படி மேயரானார். பட்டம் மாறியது, வேலை மாறவில்லை. 1996-ல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், 2022-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையும் நிர்வாக அதிகாரம் ஆணையரிடமே. அங்கியும் சங்கிலியும் அணிந்து மன்றத்தை நடத்துவதுதான் மேயரின் முதல் வேலை.

கிராம ஊராட்சியில் நிலைமை வேறு. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தலைவர்தான் அதன் நிர்வாக அதிகாரி. காசோலையில் கையெழுத்துப் போடுகிறார், தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவரிடம்தான் போய் நிற்கிறோம். அங்கே ‘தலைவர்’ என்ற சொல் பொருளோடு நிற்கிறது. அதைத் தொட வேண்டாம்.

பேச்சு வழக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் ஊர் நகராட்சி வாசலில் ‘நகர்மன்றத் தலைவர்’ என்று பலகை இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் “சேர்மன் அம்மா வந்துட்டாங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். ‘மேன்’ என்பதில் உள்ள ஆணை யாரும் கவனிப்பதில்லை. ‘அம்மா’ சேர்த்துச் சரிசெய்துகொள்கிறார்கள். கிராமத்தில் வரி வசூலும் கணக்கும் பார்த்த முன்சீப், கர்ணம் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்ட பிறகும் என் பாட்டி கிராம நிர்வாக அலுவலரைச் சாகும்வரை ‘மணியக்காரர்’ என்றுதான் சொன்னார். ஆக, நாம் என்ன ஆக்கினாலும் ‘மேயர்’ வாயிலிருந்து உடனே போய்விடாது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். நாம் தேடுவது சட்டத்துக்கும் பாடநூலுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரிய சொல்.

என் முன்மொழிவு ‘தவிசாளர்’. தவிசு என்றால் இருக்கை. இருக்கையில் அமர்ந்து அவையை நடத்துபவர் தவிசாளர். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். மாநகரத் தவிசாளர், நகரத் தவிசாளர், துணைத் தவிசாளர் என்று தடையில்லாமல் நீள்கிறது. “தவிசாளர் அவர்களே” என்று மேடையில் விளித்துப் பாருங்கள், இடறாது. இலங்கையில் பிரதேச சபை என்ற ஊர்ப்புற உள்ளாட்சி மன்றத்தின் தலைவரை இப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் புதிதாகப் பிறந்த சொல்லும் அல்ல. அங்கே அது கீழ்ப்படியில் உள்ள பதவி ஆயிற்றே என்று கேட்கலாம். படியைக் காட்ட ‘மாநகர’ என்ற முன்னொட்டு இருக்கிறது; ‘நீதிபதி’ என்ற ஒரே சொல் மாவட்டத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் பயன்படவில்லையா?

உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டி ‘வாரியத் தலைவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு அது. ஆனால் குடவோலையில் தேர்ந்தெடுத்தது வாரியப் பெருமக்களை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் குழுக்கள். ஊருக்கே ஒற்றைத் தலைவர் என்று அங்கே யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. வாரியம் என்ற சொல்லை மின்வாரியமும் வீட்டுவசதி வாரியமும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

ஒன்றுதான் எனக்கு இன்னும் தெளியவில்லை. ஊராட்சி ஒன்றியத்திலும் நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது. அந்தச் ‘சேர்மனை’யும் ஒன்றியத் தவிசாளர் ஆக்கிவிடலாமா, அல்லது ‘ஒன்றியக் குழுத் தலைவர்’ என்றே விட்டுவிடலாமா? ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்த நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.