கொன்ட்ராஸ்ட் போட்டு வயிற்று சி.ரி ஸ்கான் – சீனி வருத்தக்காரர் மெற்போமின் போடலாமா?

மூதூர்க்கரை:
அம்மாவுக்கு 62 வயது, சீனி வருத்தம். வியாழன் காலை 10 மணிக்குத் திருகோணமலையில் கொன்ட்ராஸ்ட் போட்டு வயிற்று சி.ரி ஸ்கான். மூதூரிலிருந்து விடியவே வெளிக்கிட வேணும். மெற்போமின் குளிசையை நிறுத்த வேணுமா? எவ்வளவு நேரம் பட்டினி? நண்டு சாப்பிட்டால் அவவுக்கு உடம்பெல்லாம் கடிக்கும், அதனால் இந்தக் கொன்ட்ராஸ்ட் மருந்து ஆகாது என்கிறார்கள். உண்மையா?

கதிர்ப்படம்:
முதலில் கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தாயிற்றா? கொன்ட்ராஸ்ட் என்பது படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் அயடீன் கலந்த திரவம், சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். கிரியேற்றினினை வைத்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு) 30க்கு மேல் இருந்து, புதிதாகச் சிறுநீரகப் பாதிப்பும் இல்லையென்றால் பொதுவாக மெற்போமினை நிறுத்தத் தேவையில்லை. 30க்குக் கீழே என்றால் ஸ்கானோடு நிறுத்தி, 48 மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம் பார்த்துத்தான் தொடங்குவார்கள். மெற்போமின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பிழை. சிறுநீரகம் சுணங்கினால் அந்தக் குளிசை உடம்பில் தேங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும், பயம் அதற்குத்தான். சில ஆஸ்பத்திரிகளில் எல்லோரையும் நிறுத்தச் சொல்வார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

பெரும்பாலும் 4 மணித்தியாலப் பட்டினி கேட்பார்கள், தண்ணீர் குடிக்கலாம். உண்மையில் கவனம் வேண்டியது இங்கேதான்: வெறும் வயிற்றோடு இன்சுலினோ, கிளிக்கிளசைட் என்ற சீனிக் குளிசையோ போட்டால் பஸ்ஸிலேயே சீனி இறங்கி வியர்த்து மயங்கலாம். அன்று காலை அளவை மருத்துவரிடம் முன்னாடியே கேளுங்கள். கையில் குளுக்கோசு இருக்கட்டும்.

உப்புவெளி:
நண்டு, இறாலில் ஒவ்வாமை தருவது அவற்றின் புரதம், அயடீன் அல்ல. அதற்காக ஸ்கானைத் தள்ளிப்போட வேண்டாம். முன்பு கொன்ட்ராஸ்ட் ஏற்றித் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, ஆஸ்துமா உண்டா என்பதுதான் முக்கியம். இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

மூதூர்க்கரை:
நன்றி அண்ணா. உள்ளே என்ன செய்வார்கள்? அம்மா மூடின இடத்துக்குப் பயந்தவ.

கதிர்ப்படம்:
சி.ரி இயந்திரம் குகை மாதிரி நீளமில்லை. உழுந்து வடை போல ஒரு வளையம், நடு ஓட்டை 70 செ.மீ. அளவு, தலை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். தாலிக்கொடி, காப்பு, ஊக்கு, பின் எல்லாம் கழற்ற வேணும், உலோகம் படத்தில் கோடுகோடாக விழும். முழங்கை மடிப்பில் கனுலா (நாளத்துக்குள் வைக்கும் சின்னக் குழாய்) போட்டு, இயந்திரத்தால் 80 – 100 மி.லீ. அளவு மருந்தை வேகமாக ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சலம் போனது போலத் தோன்றும். போயிருக்காது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், இதை அம்மாவுக்கு இப்பவே சொல்லி வையுங்கள். ஊசி போட்ட இடத்தில் எரிவோ வீக்கமோ வந்தால் பொறுக்கக் கூடாது, மருந்து நாளத்துக்கு வெளியே கசிகிறது. உடனே கூப்பிட வேணும். “மூச்சைப் பிடியுங்கள்” என்றதும் 10 விநாடியளவு பிடிக்க வேணும். அசைந்தால் படம் மங்கும்.

உப்புவெளி:
முடிந்ததும் 15 – 30 நிமிடம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், அதுவரை கனுலாவையும் கழற்ற விடாதீர்கள். பழைய ஸ்கான் படங்களையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். சில வயிற்று ஸ்கானுக்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்தே மருந்து கலந்த தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள், ஆகவே 10 மணி என்பது வரவேண்டிய நேரமா, ஸ்கான் நேரமா என்று கேட்டுவிட்டு பஸ்ஸைத் தீர்மானியுங்கள்.