தோள் ஜவ்வு கிழிந்த அண்ணனுக்குச் சதை கரைகிறது, கொழுப்பு ஏறுகிறது என்கிறார்கள். டம்பெல் தூக்கினால் சரியாகுமா?

பெயிண்டர்தம்பி:
அண்ணனுக்கு 54 வயது. முப்பது வருடமாகப் பெயிண்டிங் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது, கீழே விழாமலிருக்க வலது கையால் கம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார், தோளில் படக்கென்று ஒரு சத்தம். அன்றிலிருந்து கை பக்கவாட்டில் மேலே போகவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி விட்டுத்தான் சட்டை மாட்டுகிறார். ஒரு மாதம் எண்ணெய்க் கட்டிலேயே போய்விட்டது, அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தோளின் மேல்பக்கத் தசையான சுப்ராஸ்பைனேட்டஸின் ஜவ்வில் முழுக் கிழிசல், தசையில் கொழுப்பு கூட்டாலியர் கிரேடு 1 என்று வந்திருக்கிறது. தள்ளிப்போட்டால் சதை கரைந்து கொழுப்பு ஏறிவிடும், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். இதைக் கேட்டதும் அண்ணி எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அண்ணனோ, பொங்கல் வரை கை நிறைய வேலை இருக்கிறது, அதுவரை டம்பெல் தூக்கி சதையை ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார். யார் சொல்வது சரி?

ஃபிசியோ_மலைக்கோட்டை:
முதலில் அண்ணியிடம் சொல்லி முட்டையைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள். இது சாப்பிட்டு வருகிற கொழுப்பே இல்லை. தோளைச் சுற்றி நான்கு தசைகள் எலும்பைக் கவ்விப் பிடித்திருக்கின்றன, ரொட்டேட்டர் கஃப் என்பது அதைத்தான். தசையை எலும்போடு கட்டியிருக்கிற கயிறுதான் நீங்கள் சொல்கிற ஜவ்வு. அது அறுந்தால் தசை பின்பக்கமாகச் சுருங்கிப் போய்விடும், இழுப்பதற்கு எதிரே ஒன்றும் இருக்காது, இழைகள் மெலியும், அவற்றுக்கு நடுவே சும்மா கிடந்த சில செல்கள் கொழுப்புச் செல்லாகவும் நாராகவும் மாற ஆரம்பிக்கும். ஒல்லியான ஆளுக்கும் இது வரும்.

கிரேடு 1 என்றால் அங்கங்கே கொழுப்புக் கோடு தெரிகிறது, அவ்வளவுதான். 2-இல் கொழுப்பைவிடத் தசை அதிகம், 3-இல் இரண்டும் பாதிப் பாதி, 4-இல் கொழுப்புதான் அதிகம். 1994-இல் பிரான்சில் சி.டி. ஸ்கேனுக்காக வகுத்த கணக்கு, இன்று எம்.ஆர்.ஐ.யிலும் அதையேதான் பார்க்கிறார்கள். ஜவ்வைத் தைத்து அது நன்றாக ஒட்டிக்கொண்டால் மெலிந்த தசை ஓரளவு தேறலாம், ஏறின கொழுப்பு பெரும்பாலும் இறங்காது. டாக்டர் அவசரப்படுத்துவது அதனால்தான். அதற்காக நாளைக்கே என்று பதற வேண்டாம். பிரெஞ்சு மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தசையில் நடுத்தர அளவு கொழுப்பு தெரிய சராசரியாக 3 வருடமும், மோசமான அளவுக்கு 5 வருடமும் ஆகியிருந்தது. ஆனால் அது சராசரி. விழுந்து கிழிந்த ஜவ்வைச் சில மாதங்களுக்குள் தைப்பதுதான் வழக்கம், நாளாக நாளாக அது உள்ளே போய்விடும், இழுத்து எலும்பில் சேர்ப்பதே கஷ்டமாகிவிடும்.

டம்பெல் வேண்டவே வேண்டாம். கயிறே அறுந்து கிடக்கிறது, எடை எப்படி அந்தத் தசைக்குப் போய்ச் சேரும்? மிச்சமிருப்பதும் கிழியலாம். அதற்காகக் கழுத்தில் துணித் தொட்டில் (ஸ்லிங்) கட்டிக் கையை நாள் முழுக்கத் தொங்கவிடவும் கூடாது, தோள் இறுகிப்போகும். மேஜைமேல் துணியை வைத்துக் கையால் முன்னே தள்ளுவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துப் பிடிப்பது, வலி வராத அளவுக்கு மட்டும். முழங்கை, விரல்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மற்றதை நேரில் பார்க்கிற ஃபிசியோ சொல்லட்டும்.

லைன்மேன்60:
தம்பி, எனக்கும் கம்பத்திலிருந்து இறங்கும்போதுதான். வலி மாத்திரையிலேயே நாலு வருடம் ஓட்டினேன், சர்க்கரை வேறு 240-க்குக் கீழே வந்ததே இல்லை. இப்போது முதுகில் தோள்பட்டை எலும்பு வரப்பு மாதிரித் துருத்தி நிற்கிறது, அதற்கு மேலே ஒரு குழி. குளிக்கும்போது பேத்தி அந்தக் குழியில் தண்ணீர் நிற்குமா என்று ஊற்றிப் பார்த்தாள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தைத்தாலும் பிடிக்காது, ரிவர்ஸ் முறையில், அதாவது மூட்டின் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைத்து, செயற்கை மூட்டு பொருத்துவதுதான் வழி என்றார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை. பொங்கல் வருடா வருடம் வரும்.

கோவைமகள்:
எல்லோரும் கத்தியையே காட்டிப் பயமுறுத்தாதீர்கள். என் அம்மாவுக்கு 68 வயது, முழுக் கிழிசல்தான், மூன்று மாதம் ஃபிசியோ செய்தே தலை வாரிக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டார். அமெரிக்காவில் 452 பேருக்கு முதலில் ஃபிசியோ கொடுத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது, 2 வருடத்தில் அவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்கள்தான் ஆபரேஷனுக்குப் போனார்கள்.

ஃபிசியோ_மலைக்கோட்டை:
உண்மைதான் அம்மா, நானே பலரை அப்படி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் அடிபடாமல், தேய்மானத்தில் கிழிந்தவர்கள். அதோடு, வலி போய்விட்டது என்பதால் உள்ளே கொழுப்பு ஏறுவது நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. 68 வயதில் வீட்டு வேலைக்கு அது போதும். இவருடைய அண்ணன் கூரைக்கு ரோலர் பிடிக்கிறவர், விழுந்த அன்றுவரை பிடித்தவர். இரண்டும் ஒன்றில்லை.

பெயிண்டர்தம்பி:
நன்றி சார், ஐயாவுக்கும் நன்றி. உங்கள் பேத்தி கதையைப் படித்துக் காட்டினேன், அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ஆபரேஷன் செய்தால் எத்தனை நாளில் சாரம் ஏறலாம் என்று மட்டும் கேட்கச் சொன்னார். பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபிசியோ_மலைக்கோட்டை:
தொட்டில் 4 முதல் 6 வாரம், அதுவரை கையை அவராகத் தூக்கக் கூடாது. பிறகு மெதுவாகத் தானே தூக்கிப் பழகுவார். பலம் ஏற்றுகிற பயிற்சி சுமார் 12 வாரம் கழித்து. சாரம், ரோலர் எல்லாம் ஆறு மாதத்துக்கு முன் பேச்சே எடுக்காதீர்கள், தைத்தது விட்டுப்போனால் கொழுப்பு மறுபடி ஏற ஆரம்பிக்கும். பீடியை ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்த வேண்டும், புகை உள்ளவர்களுக்கு ஜவ்வு ஒட்டுவது குறைவு. சர்க்கரை பார்த்தீர்களா?

பெயிண்டர்தம்பி:
இல்லை சார். நாளைக் காலை வெறும் வயிற்றில் கூட்டிப் போகிறேன்.