ஊர் நாடக ஆசிரியர்களோடு பழகிய அனுபவங்கள்

உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்:

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு 1980களில் ஆண்டுதோறும் ஒரு சமூக நாடகம் நடக்கும். எழுதுவதும் இயக்குவதும் ஒருவரே. பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடன் தவணை கட்ட வந்தவர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் ‘வாத்தியார்’தான். பள்ளிக்கூட நாட்களில் ஒப்பனைப் பெட்டி தூக்கச் சேர்ந்து, பின்னர் சில்லறை வேடங்கள் போட்ட நான் அவரிடம் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

கதையை யோசித்துவிட்டு ஆள் தேடும் வழக்கம் அவருக்கு இல்லை. தை பிறந்ததும், இந்த வருடம் ஊரில் யார் யார் இருப்பார்கள், யார் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள், எந்தப் பையனுக்குக் குரல் உடைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவார். அதற்குப் பிறகுதான் நாற்பது பக்க நோட்டில் முதல் காட்சியை எழுதத் தொடங்குவார். அவருடைய நாடகம் எதுவாக இருந்தாலும் கடைசியில் ஒரு நீதிமன்றக் காட்சி வந்தே தீரும். சினிமாவைப் பார்த்து எழுதுகிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். காரணம் வேறு. விழாவுக்கு நன்கொடையை அள்ளித் தந்த பெரியவர்கள் சிலருக்கு வேடம் கொடுத்தாக வேண்டும்; அவர்களுக்கோ ஒரு வரி கூட மனப்பாடம் ஆகாது. நீதிபதியும் வக்கீலும் பெஞ்சு கிளார்க்கும் மேடையிலேயே காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம், பார்ப்பவர்களுக்கு அது குறையாகவே தோன்றாது. நீதிபதி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வதும் பொருத்தமாக இருந்ததால் வெள்ளெழுத்துக்கும் வழி கிடைத்தது.

கதாநாயகி வேடத்துக்கு மதுரையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ நடிகையை அமர்த்துவார்கள். அவர் பேச வேண்டிய வரிகள் அடங்கிய பாடத்தை முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிட்டாலும், அதே வாரத்தில் வேறு ஊர்களில் வேறு கதைகளில் நடித்துவிட்டு வரும் அந்த அம்மையார் நாடகத்தன்று மாலைதான் பேருந்தை விட்டு இறங்குவார். எங்களோடு ஒத்திகை என்பதே கிடையாது. ஆகவே அவர் சொல்ல வேண்டிய பதிலின் முதற்சொல்லைக் கதாநாயகனின் கேள்வியிலேயே வாத்தியார் வைத்துவிடுவார். ‘நிலத்தை விற்கச் சொன்னது உன் அண்ணனா?’ என்று அவன் கேட்டால், ‘அண்ணன் சொல்லவில்லை, அடகுக்கடைக்காரர் சொன்னார்’ என்று அவர் தொடங்கிவிடலாம். அடியெடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், அதற்குமேல் நடிப்பில் அவர்கள் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

காவல் நிலைய அனுமதிக்காகப் பிரதி ஒன்றைக் கார்பன் தாள் வைத்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. வாத்தியாரின் நாடகங்களில் பெரும்பாலானவை பாடம் பாடமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, நடித்தவர்களோடு திசைக்கொன்றாகப் போய்விட்டன. முழுப் பிரதி என்று இருந்தது காவல் நிலையத்துக்குப் போனதுதான். அதுவும் எடைக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

உறுப்பினர், யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கத்தில் இந்தப் பணியைச் செய்தவர் மெய்யாகவே பள்ளிக்கூட ஆசிரியர். 1931இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து, 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கி, 2025 தை மாதத்தில் மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களையே குறிப்பிடுகிறேன். நண்பரின் ஊரில் எழுதியவரே இயக்கினார்; இங்கு 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தின் எழுத்துரு சண்முகலிங்கம் அவர்களுடையது, நெறியாள்கை க. சிதம்பரநாதனுடையது. திருவாசகத்து அம்மானைப் பாட்டில் மண் சுமந்து அடிபட்ட இறைவனின் பாடு இந்த நாடகத்தில் ஊர்ச் சனங்களின் பாடாகிவிட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடாமல் கிராமம் கிராமமாகப் போன அந்த நாடகத்தை, தமையனாரின் சைக்கிளிற் பின்னால் இருந்து போய் ஒரு பாடசாலை மைதானத்திற் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த வயோதிபர், மேடையிற் பேசியவர்களுக்குத் தாமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் அடக்கவில்லை. தனி நாயகன் ஒருவனைச் சுற்றி நகராமல், பலர் சேர்ந்து பேசியும் பாடியும் கதையைக் கொண்டுபோகும் அந்த முறையின் நடைமுறைப் பயன், பிற்காலத்தில் மாணவர்களைக் கொண்டு நானே நாடகம் போட்டபோதுதான் எனக்கு விளங்கியது. சோதனைச் சாவடியில் ஒரு பிள்ளை மறிபட்டு வரமுடியாமற் போனாலும், அவன் வரிகளை மற்ற இருவர் பங்கிட்டுக்கொள்ள நாடகம் நடந்துவிடும். சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவியருக்கென்று அவர் எழுதிய நாடகங்களையும் இந்த நோக்கிற் படித்துப் பார்க்குமாறு நாடகம் பழக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்பினர், புதுக்கோட்டை:

1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது அதன் கலைக்குழுவில் சேர்ந்தேன். நாடகங்கள் பொதுப் பயிலரங்கில் உருவாகி எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றுபோலவே வந்தன. அவற்றை எங்கள் ஊர்களுக்கு ஏற்றவாறு மாற்றியவர் குழுவை நடத்திய நடுநிலைப்பள்ளி ஆசிரியர்.

நாற்சந்தியில் நாடகம் நடக்கும்போது பேருந்து வந்துவிட்டால் பாதிக் கூட்டம் ஏறிப் போய்விடும், புதிதாக இறங்கியவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆரன் சத்தம் கேட்டதும் எந்தக் காட்சியாக இருந்தாலும் பறையை அடித்து நிறுத்திவிட்டு, வண்டி கிளம்பிய பிறகு கதையை எடுத்துச் சொல்லும் கட்டியக்காரன் அதுவரை நடந்ததை நான்கே வரியில் சொல்லித் தொடர வேண்டும் என்று ஆசிரியர் ஏற்பாடு செய்தார். அந்த நான்கு வரிகளில் அந்தந்த ஊரின் கண்மாயும் டீக்கடையும் வந்துவிடும். அவற்றை அவர் பெரும்பாலும் வேனில் வரும்போதே சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதுவார்.

பெண்கள் திரளாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட காலம் அது. எங்கள் குழுவில் ஒரு தொண்டர், கூட்டத்தின் நடுவே வாய் திறக்கவே கூச்சப்பட்டார். ஆசிரியர் அவருக்கு வசனமே எழுதவில்லை. சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவதுதான் வேடம். அதற்குத்தான் எல்லா ஊரிலும் கைதட்டல் அதிகம். சில மாதங்கள் கழித்து அவரே, ‘எனக்கும் ரெண்டு வரி எழுதுங்க சார்’ என்று கேட்டார். ரேஷன் கடைக்காரரோடு எடை குறைவுக்காக வாதாடும் காட்சி ஒன்றை ஆசிரியர் எழுதிக் கொடுத்தார். ரேஷன் கடைக்காரராக நடித்தவன் நான், ஒரு முறை கூட அவரை வாதத்தில் முந்த முடிந்ததில்லை.