பாங்காக்கில் நான் சொன்ன ஒரு பொய்: முதல் தனிப்பயண அனுபவங்கள்

திருச்சி வாசகி எழுதியது:

பாங்காக் பெரிய அரண்மனை வாசலில், அரண்மனை மூடியிருக்கிறது என்று பொய் சொல்லிப் பயணிகளை ரத்தினக்கல் கடைக்கு அனுப்பும் நாடகம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் முன்கதையை வளர்க்கவில்லை. நாற்பத்தாறு வயதில் முதன்முறையாகத் தனியே வெளிநாடு சென்றேன். சாத்தோன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய பயணிகள் படகில் ஏறி, அரண்மனைக்கு அருகே தா சாங் துறையில் இறங்கி, வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வந்து, இன்று உள்ளே பூசை நடப்பதால் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று மிகவும் பணிவாகச் சொன்னார். அதுவரை 20 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) துக்-துக்கில், அதாவது அந்த ஊர் ஆட்டோவில், போய் 32 மீட்டர் உயர நின்ற புத்தரைப் பார்த்து வரலாமாம். வழியில் ஒரு ரத்தினக்கல் கடையில் அரசாங்கத்தின் வரியில்லா விற்பனை அன்றோடு முடிகிறதாம். நீங்கள் படித்த அதே கதைதான். நானும் படித்திருந்தேன். படித்திருந்தும் ஏறினேன்.

பணம் எதுவும் போகவில்லை. என்னை உறுத்துவது வேறு. கடையில் இருந்த இளம்பெண் என் உள்ளங்கையில் ஒரு நீலக்கல்லை வைத்துவிட்டு, "மேடம் தனியாகவா வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். "இல்லை, என் கணவர் வெளியே வண்டியில் இருக்கிறார்" என்றேன். அவள் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். துக்-துக்கின் பின்னிருக்கையில் என் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் கிடந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்து, இரண்டு விரல்களால் கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். துணை வேண்டாம் என்று வீட்டில் மூன்று மாதம் வாதாடிவிட்டு வந்தவள், போன இடத்தில் முதல் கேள்விக்கே எதற்காக ஒரு கணவரை உட்கார வைத்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சேலத்திலிருந்து ஒருவர்:

சகோதரி, நான் அலுவலக நண்பர்களுடன் போனபோது எங்களிடமும் ஒருவர் இதையே சொன்னார். நாங்கள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டோம். இனிப் போகிறவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவைக்கிறேன். அரண்மனை வழக்கமாகத் தினமும் காலை 8.30 மணிக்குத் திறக்கிறது, பிற்பகல் 3.30 வரை சீட்டுக் கொடுக்கிறார்கள். அரச குடும்பச் சடங்குகளின்போது சில பகுதிகளை மூடுவதுண்டு. ஆனால் அதை வாசலில் சீருடையில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும், தெருவில் எதிர்ப்படுகிறவர் அல்ல. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம் என்பதால், உங்கள் உடை சரியில்லை என்று வழியில் துணி விற்பவர்களும் உண்டு. துக்-துக்குக்கு மீட்டர் கிடையாது. 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், மீதிப் பணம் கடைக்காரரிடமிருந்து அவருக்கு வருகிறது என்று பொருள். டாக்சியில் மீட்டர் 35 பாட்டிலிருந்து தொடங்கும். மீட்டர் போட மறுத்தால் இறங்கிவிடுங்கள். சிக்கல் என்றால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கல்லைப் பற்றி அறியாதவர் வெளியூரில் கல் வாங்கவே கூடாது, ஊருக்குக் கொண்டுபோய் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்று யார் சொன்னாலும், அவரே ஏன் விற்கவில்லை என்று கேளுங்கள்.

மதுரை வாசகி:

மேலே எழுதிய அண்ணன் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அக்கா அரண்மனையின் நேரத்தைக் கேட்கவில்லை. "நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டோம்" என்பதில் உள்ள "நாங்கள்" என்ற சொல்தான் இங்கே விஷயமே.

எனக்கு நேர்ந்தது பாங்காக்கின் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில். தாய்லாந்துக்காரர்கள் வாட் கேக் என்று அழைக்கும் அந்தக் கோயிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பினார்கள்; இன்று சாமந்தி மாலையும் தேங்காய்த் தட்டுமாக வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் மக்கள்தாம். நான்கு நாளாகத் தமிழே காதில் விழாமல் இருந்த எனக்கு, குருக்கள் தமிழில் பேசியதும் கண் கலங்கிவிட்டது. "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "இது ஊர்ல இருக்கிற வீட்டுக்காரருக்கு" என்றார். எனக்குத் திருமணம் ஆகவில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்ற தாய்லாந்துப் பாட்டி தட்டை நீட்டிவிட்டார். அந்தப் பொட்டலம் இப்போதும் என் கைப்பையில் கிடக்கிறது. எறியவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை.

பாங்காக்கில் ஐந்தாண்டு இருந்தவள்:

அக்கா, அந்தப் பொய் தவறே இல்லை. நான் பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறேன். ஆனால் தனியாகவா என்ற அந்தக் கேள்வியையே நீங்கள் கனமாக எடுத்துக்கொண்டீர்களோ என்று தோன்றுகிறது. அங்கே சாப்பாட்டுக் கடையில் நுழைந்தாலே "கோன் தியாவ்?" என்பார்கள், ஒருவர்தானா என்று பொருள். முதல் வாரம் அது கேட்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கும். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் எத்தனை நாற்காலி போடுவது என்பது மட்டுமே. பிறகு நானே வாசலில் ஒற்றை விரலைக் காட்டிவிட்டு உட்காரப் பழகிக்கொண்டேன்.

திருச்சி வாசகி மீண்டும்:

தங்கையே, நாற்காலி போடக் கேட்பதும் கல் விற்கக் கேட்பதும் ஒன்றல்ல. அந்தப் பெண் கணக்குப் பார்த்துத்தான் கேட்டாள். சேலத்து அன்பருக்கு நன்றி, ஆனால் 8.30 மணி எனக்கும் தெரியும், ஏனென்றால் மறுநாள் அந்த நேரத்துக்கே அரண்மனைக்குப் போனேன். அதே மதிலோரம், அதே வெள்ளைச் சட்டை. என்னிடம் நேராக வந்து, இன்று உள்ளே பூசை, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று அதே பணிவோடு முதலிலிருந்து தொடங்கினார். என் முகம் அவருக்கு நினைவிலேயே இல்லை. 500 பாட் கொடுத்துச் சீட்டு வாங்கி, அரண்மனைக்குள் இருக்கும் மரகத புத்தர் சன்னிதியில் போய் உட்கார்ந்த பிறகும் அந்த எரிச்சல் எனக்கு அடங்கவில்லை.