கல்லூரிக் கட்டணம்: சேமித்த பணம் கேட்ட நாளில் கைக்கு வந்ததா?

ஈரோட்டிலிருந்து ஓர் அப்பா:

பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சேர்த்ததை எப்போது எடுக்க முடியும் என்பதை யாரும் தொடவில்லை. எனக்கு அங்கேதான் இடித்தது.

2015-இல் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தபோது மகளுக்கு எட்டு வயது. தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கி மாதம் 2,000 கட்டிவந்தேன். ஆரம்பத்தில் வட்டி ஒன்பது சதவீதத்துக்கு மேல், இப்போது 8.2. போன வருடம் அவள் பொறியியல் சேர்க்கைக்கான அரசுக் கவுன்சிலிங்குக்குப் போனபோது கணக்கில் ஏறக்குறைய மூன்றரை லட்சம். ஆனால் படிப்புக்காகப் பாதிதான் எடுக்கலாம். அதுவும் முந்தைய மார்ச் 31 அன்று இருந்த இருப்பில் பாதி. முழுத் தொகையும் கணக்குத் தொடங்கி 21 வருடம் கழித்துத்தான், அதாவது 2036-இல். அவள் கல்யாணத்துக்கு என்றால் முன்கூட்டியே முடிக்கலாம், படிப்புக்கு முடியாது! சட்டம் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, பாதியாவது கிடைக்கிறதே என்று போனால், கல்லூரியில் இடம் கிடைத்ததற்கான கடிதமோ கட்டண ரசீதோ வேண்டும் என்றார்கள். சீட் ஒதுக்கீடு வந்த சில நாட்களுக்குள் கல்லூரியில் பணம் கட்டியாக வேண்டும். தபால் நிலையத்தில் படிவம், சரிபார்ப்பு, அப்புறம்தான் பணம். இந்த இடைவெளியை வீட்டம்மாவின் வளையல்தான் நிரப்பியது. நகைக்கடன் வாங்கிக் கட்டி, செல்வமகள் பணம் வந்ததும் மீட்டோம். வட்டி பெரிதாகப் போகவில்லை. நகை இல்லாத வீடு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

கவுன்சிலிங்கில் போனால் தனியார் பொறியியல் கல்லூரியின் கல்விக் கட்டணம் அரசு நிர்ணயித்ததுதான். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதிலும் 25,000 குறையும், சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஆனால் கல்லூரி நீட்டிய தாளில் பஸ், விடுதி, மெஸ், ‘பயிற்சி’ என்று தனித்தனி வரிகள். கூட்டிப் பார்த்தால் கல்விக் கட்டணத்தைத் தாண்டிப் போகிறது. சேர்க்கும்போது இந்த வரிகளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது மகன் ஒன்பதாவது. அவனுக்கு எட்டாவதில் தொடங்கிய தபால் நிலைய ஆர்.டி.தான் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு). ஐந்து வருடத்தில் முடியும், பன்னிரண்டாவது ரிசல்ட் வரும் வருடத்தோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. வட்டி குறைவு, இருக்கட்டும்.

மதுரையிலிருந்து ஓர் அம்மா:

சார், எங்கள் கதையில் சேமிப்பே கிடையாது. அவர் ஆட்டோ ஓட்டுகிறார், வந்தது வீட்டுக்கே சரியாக இருந்தது. கல்விக்கடன்தான்.

முதலில் போன வங்கியில் நான்கு லட்சத்துக்கு வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பையனின் வாத்தியார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும், “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்றார் வங்கியில் இருந்த தம்பி. நாங்கள் அங்கே மறுபடி போகவில்லை. கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்து, வேறொரு கிளையில் அந்த எண்ணோடு போய் உட்கார்ந்தோம். பதிவு எண் கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறுகிறது. கவுன்சிலிங் சீட் என்பதும் உதவியது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இவ்வளவு எளிதாகக் கொடுப்பதில்லை என்று அங்கேயே வந்திருந்த இன்னொருவர் புலம்பினார்.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. படிக்கும்போதே அந்த வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் அசல் வீங்காது. நாங்கள் தீபாவளிச் சீட்டை நிறுத்தி அந்தப் பணத்தை இதற்குத் திருப்பினோம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் தவணை கட்ட வேண்டாத அந்த வருடங்களின் வட்டிக்கு மத்திய அரசின் மானியமும் உண்டு, வருமானச் சான்றிதழைக் கடன் கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். பையன் வேலைக்குப் போய்ப் பழைய முறையில் வருமான வரி கட்டினால், கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் கழிவு கிடைக்கும்.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா:

என் பெண் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அதனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சீட், கல்விக் கட்டணமும் விடுதியும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒன்பதாவதில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினார்கள், நல்ல மார்க்கும் எடுத்தாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை இடையில் விட்டுப்போனால் இந்த ஒதுக்கீடு கிடையாது. மாற்ற நினைப்பவர்கள் இந்தப் பணத்தையும் கணக்கில் எடுங்கள்.

எங்களுக்குக் கையிலிருந்து போனது லேப்டாப்பும் துணிமணியும் ஊருக்கு வந்துபோகும் செலவும்தான். லேப்டாப்புக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தேன், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஈரோடு அண்ணா, ஆர்.டி. போட்டிருக்கிறீர்களே, முதிர்வு மாதம் கவுன்சிலிங் நடக்கும் ஜூலைக்கு முன்னால் வருகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள்.