'பாத்ஸ் ஆஃப் குளோரி' வாங்கலாமா? இரண்டு பேர், ஒரு மேசை, மாதம் இரண்டு ஞாயிறு

பொன்மலை:

வணக்கம். முதல் உலகப் போரைப் பற்றிய 'பாத்ஸ் ஆஃப் குளோரி' போர்டு கேமை வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு மாதமாக முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். ஆடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நானும் என் தம்பியும் மூன்று வருடமாக 'ட்விலைட் ஸ்ட்ரகிள்' என்ற பனிப்போர் கார்டு-போர்டு கேம் ஆடுகிறோம். இருபத்தைந்து ஆட்டமாவது ஆகியிருக்கும். தம்பிக்குக் கரூரில் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவான். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். இதுவோ முழு ஆட்டத்துக்கு எட்டு மணி நேரம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு சாப்பாட்டு மேசை. பாதி ஆட்டத்தை அதன்மேல் விட்டுவைக்க அம்மா சம்மதிக்க மாட்டார், அவர் சொல்வதும் நியாயம்.

இந்தப் போர்மேல் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. சின்ன வயதில் அப்பா சென்னை உயர் நீதிமன்ற மதில் பக்கம் கூட்டிப்போய், 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டைக் காட்டினார். அன்றிலிருந்து எங்கே எது கிடைத்தாலும் படிப்பேன். ஆனால் ஆசை வேறு, எட்டு மணி நேரம் வேறு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் செலவு, சுங்கத் தீர்வை எல்லாம் சேர்ந்து கை கடிக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதே மாதிரி ஒரு பெரிய போர் கேம் வாங்கினார். அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்றுதான் பயம்.

தாமிரபரணி:

வணக்கம் தம்பி (வயதில் மூத்தவன், அப்படியே கூப்பிடுகிறேன்). ஒன்பது வருடமாக அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது. என் மச்சானோடு பதினான்கு முழு ஆட்டம், பாதியில் நின்றவை ஏழெட்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கஷ்டம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 'ட்விலைட்' தெரிந்தவருக்குக் கார்டு பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது, அது பெரிய உதவி. இரண்டையும் வெளியிட்டது ஜிஎம்டி நிறுவனம்தான். இது 1999-இல் வந்தது, வடிவமைத்தவர் டெட் ரைசர். 'ட்விலைட்' வந்தது 2005-இல். 'ட்விலைட்'டில் எதிரிக்குச் சாதகமான நிகழ்வு எழுதிய கார்டு உங்கள் கையிலேயே வந்து மாட்டும். இங்கே அது கிடையாது. நேச நாடுகளுக்கு (பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா பக்கம்) ஒரு கட்டு, மைய நாடுகளுக்கு (ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம்) ஒரு கட்டு, அடிப்படை ஆட்டத்தில் ஆளுக்கு 55 கார்டு. கையில் ஏழு இருக்கும், ஒரு டர்னில் ஆறு சுற்று. ஒவ்வொரு கார்டையும் நான்கு விதமாகச் செலவழிக்கலாம்: படைகளை நகர்த்தவும் தாக்கவும், தூரத்திலிருக்கும் படையை ரயிலேற்றி வேறு முனைக்கு அனுப்ப, அடிபட்ட படைக்கு ஆள் சேர்க்க, இல்லாவிட்டால் அதில் எழுதியிருக்கும் நிகழ்வை நடத்த. நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உங்களுக்கு மிகவும் தேவைப்படும் புதுப் படை எந்தக் கார்டில் வருகிறதோ, நகர்த்துவதற்கு அதிக எண் இருப்பதும் பெரும்பாலும் அதே கார்டில்தான். ஆட்டத்தின் வேதனையும் சுகமும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

ஆட்டம் தொடங்குவதே அப்படித்தான். ஜெர்மனிக்காரர் 'கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' கார்டைப் போடுவார். பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டை விழும். அதோடு மைய நாடுகளின் 'போர் ஈடுபாடு' என்ற எண் இரண்டு ஏறும். அந்த எண் நான்கைத் தொட்டால் 'லிமிடெட் வார்' கார்டுகள் கட்டில் சேரும், பதினொன்றைத் தொட்டால் 'டோட்டல் வார்'. நாடு எவ்வளவு முழுமையாகப் போருக்குள் இறங்குகிறதோ அவ்வளவு பெரிய கார்டுகள் கைக்கு வரும். அதற்காகப் போடும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை அந்தச் சுற்றில் முனையில் உங்கள் படையைச் சும்மா நிற்கவைக்கும். இதை முதல்முறை உணர்ந்தபோது, 1915-இல் அந்த அரசுகள் என்ன நெருக்கடியில் இருந்திருக்கும் என்று புத்தகத்தில் படித்ததைவிட நன்றாகப் புரிந்தது.

இன்னொன்று கட்டாயத் தாக்குதல். ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் இரண்டு பேரும் பகடை போட வேண்டும். 'பிரான்ஸ்' என்று விழுந்தால், எதிரே பதுங்குகுழி வெட்டி ஜெர்மனி உட்கார்ந்திருந்தாலும், அந்த டர்னில் பிரெஞ்சுப் படை ஒருமுறையாவது மோதியாக வேண்டும். மோதாவிட்டால் ஒரு வெற்றிப் புள்ளி எதிரிக்கு. எத்தனை உயிர் போகும் என்று தெரிந்தே அந்தப் பகடையை எடுக்கும்போது எனக்கு இன்றைக்கும் கை தயங்கும்.

இப்போது உங்களுக்கு முக்கியமானது. எங்கள் மூன்றாவது ஆட்டம். நான் மைய நாடுகள். 1915 கோடையில் இரண்டு ஜெர்மானிய ஆர்மிகளை (பெரும்படைகளை)ப் போலந்தைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். ரஷ்யா தள்ளாடிக்கொண்டிருந்தது. மச்சான் ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஆறாவது சுற்றில் நான் என் கார்டைப் போட்டு முடித்தேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மைய நாடுகள் முதலில், நேச நாடுகள் அடுத்து. அப்படியென்றால் டர்னின் கடைசி அசைவு எப்போதும் அவர் கையில். அதை நான் ரூல்புக்கில் படித்திருக்கிறேன், ஆனால் மனதில் ஏற்றவில்லை.

ஆர்மிக் காய் பெரிதாக இருக்கும், கோர் என்ற சிறிய படையின் காய் சின்னது. அவர் ஒரு சின்ன ரஷ்ய கோரை இரண்டு விரலால் எடுத்து, என் ஆர்மிகளுக்குப் பின்னால் நான் காலியாக விட்டிருந்த இடத்தில் மெதுவாக வைத்தார். "டர்ன் முடிஞ்சுது மாப்ளே, சப்ளை பாருங்க" என்றார். சப்ளை என்றால் படைக்கு உணவும் ஆயுதமும் வரும் வழி. அது தொடங்கும் ஊர்களில் ஒன்றான எஸ்ஸென் வரை விரலை ஓட்டிப் பார்த்தேன். பிரெஸ்லாவ் வரை ஓட்டிப் பார்த்தேன். வழி இல்லை. டர்ன் முடிவில் சப்ளை அறுந்த ஆர்மி நிரந்தரமாகப் போய்விடும், எத்தனை கார்டு செலவழித்தாலும் திரும்ப வராது. கோர் என்றாலாவது மறுபடி கட்டி எழுப்பலாம். இரண்டு ஜெர்மானிய ஆர்மியை நானே எடுத்துப் பெட்டியில் போட்டேன். ஐந்து மணி நேர உழைப்பு.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆஸ்திரிய கோரை விட்டுவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். காலை ஆறு மணிக்கு மச்சானுக்குப் போன் போட்டு, "அடுத்த வாரம் வர்றீங்களா?" என்று கேட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆட்டத்தில் உங்கள் இருவரில் ஒருவருக்கு இது நடக்கும், தவிர்க்கவே முடியாது. நடந்த மறுநாள் தம்பி போன் பண்ணுவாரா, இல்லை 'ட்விலைட்டே ஆடலாம்ணா' என்பாரா? உங்களுக்குத்தான் தெரியும். தெரியாவிட்டால் காசு கொடுப்பதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடலாம். 'ரேலி த ட்ரூப்ஸ்' என்ற இணையதளத்தில் இதை இலவசமாக ஆடலாம். விதியெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் ராத்திரி ஒரு கார்டு போட்டால் அவர் கரூரில் காலை டீ குடிக்கும்போது பதில் கார்டு போடலாம். ரூல்புக் ஜிஎம்டி தளத்தில் சும்மாவே கிடைக்கிறது, முதலில் அதை அச்சடித்துப் படியுங்கள்.

மேசைக்கு என் வழி: வரைபடம் 34-க்கு 22 அங்குலம். தச்சரிடம் மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட் வாங்கி, அதன்மேல் வரைபடத்தைப் போட்டு ஆடுவோம். முடியாவிட்டால் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். கையிலிருக்கும் கார்டுகள் ஆளுக்கொரு உறையில். எட்டு மணி நேரத்தை ஒரே நாளில் ஆட வேண்டும் என்று சட்டமில்லை, நாங்கள் மூன்று ஞாயிறு எடுத்துக்கொள்வோம்.

எம்டன் பற்றிச் சொன்னீர்கள். இதில் கப்பல் போர் கிடையாது, கடல் என்பது சில கார்டுகளோடு சரி. ஆனால் வரைபடத்தின் ஒரு பக்கத்தில் இன்றைய இராக்கின் பாஸ்ரா, குட், பாக்தாத் இருக்கின்றன. 1916 ஏப்ரல் 29-இல் குட்டில் துருக்கியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். ஆட்டத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு கார்டு செலவழிக்கவே மனசு வராது, மேற்கு முனை அப்படி இழுக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், லண்டனுக்கும் அந்த ஆட்கள் இப்படித்தான் தூரத்தில் தெரிந்தார்கள் என்று நினைப்பேன்.

கீழவீதி:

தாமிரபரணி சார் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெட்டியை விற்றவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

நான் ஆடியது தோழியோடு. ஆறு ஆட்டம். அவள் இணையத்தில் தொடக்க நகர்வுகளையெல்லாம் படித்துக்கொண்டு வந்தாள், எனக்கு நேரம் இல்லை. இந்த ஆட்டத்தில் அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. சதுரங்கம் மாதிரி, 1914 ஆகஸ்டில் எந்தப் படை எங்கே போக வேண்டும் என்பதற்கே தனிப் பாடம் இருக்கிறது. அது தெரிந்தவர் எதிரே, தெரியாதவர் குளிர்காலம் வருவதற்குள் பிழைப்பதே பெரிது. நான்காவது ஆட்டத்திலிருந்து அவளுக்கும் ஜெயிப்பதில் சந்தோஷம் போய்விட்டது. அதனால் நீங்கள் இருவரும் ஒன்றாகவே கற்றுக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டும் படிக்க வேண்டாம். படித்தால் படித்ததைப் பேசிக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கத்தையும் மாற்றுங்கள்.

முழு ஆட்டத்தில் இறங்க வேண்டாம், 'லிமிடெட் வார்' வரை போகும் குறுகிய ஆட்டம் ரூல்புக்கிலேயே இருக்கிறது. அதுவே ஒரு ஞாயிறு முழுக்க எடுக்கும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

பொன்மலை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. தம்பியிடம் இந்த இழையை அனுப்பினேன். அந்தக் குட்டி கோர் விஷயத்தைப் படித்துவிட்டு, "நீ ஜெர்மனி, நான் ரஷ்யா" என்று மட்டும் எழுதியிருக்கிறான். ரூல்புக்கை இரண்டு பிரதி அச்சடித்துவிட்டேன், ஒன்றை நாளைக்குக் கரூருக்கு அனுப்புகிறேன். இணையத்தில் இரண்டு ஆட்டம் முடித்த பிறகுதான் பெட்டி.

ஒரு சந்தேகம் சார். ரயிலேற்றி அனுப்பும் கார்டை அடுத்தடுத்த சுற்றில் போட முடியாது என்று படித்தேன். நடுவில் ஒரு சுற்று விட்டால் போதுமா?

தாமிரபரணி:

போதும். ஆள் சேர்ப்பதற்கும் அதே விதிதான். தொடர்ந்து இரண்டு சுற்று ஒரே காரியம் ஆகாது, நடுவில் நகர்வோ நிகழ்வோ வந்தால் மறுபடி போடலாம். ரூல்புக் படிக்கும்போது சப்ளை பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் தம்பி, வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டி ஓட்டிப் பாருங்கள்.